படிக்குக் கீழே முப்பத்தொன்பது போத்தல்கள்

நான் பயந்த ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்பு வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்ப்பவன். அடுப்பின் குமிழை மூன்று தரம் தொட்டுப் பார்க்காமல் படுக்கைக்குப் போகாதவன். வீடுகளுக்குச் சூடு கொடுக்கும் பாய்லர்களைத் திருத்துவது என் தொழில். அந்தத் தொழிலில் இந்தப் பயம்தான் எனக்குச் சோறு போடுகிறது. அழுத்தம் காட்டும் முள் சிவப்புப் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் விடமாட்டேன். அப்படிப்பட்ட நான்தான் என் சொந்த வீட்டுக்குள் முப்பத்தொன்பது கண்ணாடிக் குண்டுகளை அடுக்கி, போர்வையால் மூடி வைத்தேன்.

லண்டனுக்கு வருமுன் பதினொரு வருடம் ஜெர்மனியில் இருந்தேன். அகதி முகாமை விட்டு வெளியே வந்ததும் கிடைத்த முதல் வேலை ஒரு உணவு விடுதியின் நிலவறையில். அந்த விடுதி தன்னுடைய பியரைத் தானே காய்ச்சியது. நான் தொட்டி கழுவுகிறவன். மால்ட் என்று சொல்வார்கள், முளைக்கவிட்டு உலர்த்திய பார்லி. அது வெந்நீரில் ஊறும்போது எழும் வாசனையில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்துவிட்டது. குடிப்பதில் பெரிய ஆசை இல்லை. ஒரு போத்தலோடு முகம் சிவந்து, பேச்சை நடுவில் விட்டுவிட்டுத் தூங்கிப் போகிற வகை. ஆசையெல்லாம் காய்ச்சுவதில்தான்.

லண்டனின் எட்மண்டன் பகுதியில் வீடு வாங்கி, பின்வளவில் ஒரு மர ஷெட்டும் சொந்தமான பிறகு அந்தக் கிறுக்குக்கு இடம் கிடைத்தது. சவுத்தாலில் கலியாணச் சமையல்காரர்கள் சாமான் வாங்கும் கடையில் ஐம்பது லிட்டர் கிடாரம் ஒன்று வாங்கி வந்தேன். வந்த அன்றே அதன் அடியில் இரண்டு ஓட்டை துளைத்தேன், ஒன்று குழாய்க்கு, மற்றது தண்ணீரைக் கொதிக்க வைக்கும் மின்கம்பிக்கு. என் மனைவி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புதுக் கிடாரம். கோயிலுக்குக் குடுத்தாலும் புண்ணியம். அதிலை போய் ஓட்டை போடுறீங்களே?”

சுற்றுலாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ஐஸ் பெட்டி ஒன்று, பார்லி ஊறும் தொட்டியாக மாறியது. அதன் அடியில், இரும்பறுக்கும் வாளால் வரிவரியாகக் கீறிய செப்புக் குழாய் ஒன்றைப் படுக்க வைத்தேன், சக்கை மேலே நிற்க சாறு மட்டும் கீழே வடிவதற்கு. கொதித்த சாற்றைக் குளிர வைக்க இன்னொரு செப்புக் குழாயைப் பெயின்ட் வாளியில் சுற்றிச் சுருளாக்கினேன். எல்லாம் தயாரான நாளில் பிளக்கைச் செருக எனக்குத் துணிவு வரவில்லை. எர்த் வயரை மூன்று தரம் சோதித்தேன். இறப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். மனைவியைக் கூப்பிட்டு மெயின் சுவிட்சின் பக்கத்தில் நிறுத்தினேன்.

“நான் ஆடத் தொடங்கினால் உடனை மெயினை நிப்பாட்டும்.”

“ஆடுறதெண்டால் என்ன மாதிரி ஆட்டம்? நீங்கள் கலியாண வீட்டிலை ஆடுறதும் அப்பிடித்தானே இருக்கும். எனக்கு எப்பிடித் தெரியும்?”

அவள் அப்படித்தான். என் பயத்தைப் பார்த்துச் சிரிப்பாள். தனக்கும் ஒரு பயம் இருப்பதை யாருக்கும் காட்டமாட்டாள். எனக்கு மட்டும் தெரியும்.

வீடு பார்க்கப் போன நாளில் தெரிந்துகொண்டேன். வீட்டைக் காட்டிய ஏஜென்ட் குசினியையும் பின்வளவையும் பற்றி நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எதையும் கேட்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரிக் கதவைத் திறந்தாள், குனிந்து உள்ளே போனாள், கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டாள். ஒரு நிமிடம் போனது. ஏஜென்ட் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வெளியே வந்தவள், “இந்த வீடு காணும், வேறை பாக்கத் தேவையில்லை,” என்றாள். குண்டு வீச்சும் செல்லடியுமாக இருந்த ஊரில், வளவுக்குள் வெட்டிய பங்கர்க் குழியில் பதுங்கி வளர்ந்தவள் அவள். நான் அந்தக் காலத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்டவன்.

அந்த வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொரு வருடமும் தீபாவளியும் வெள்ளைக்காரரின் நவம்பர் ஐந்து வாணவேடிக்கையும் சேர்ந்து வரும் அந்த இரண்டு கிழமையில், வெளியே முதல் வெடி கேட்டதும் அவள் எழும்பிவிடுவாள். “வக்கூம் கிளீனரை எடுத்திட்டு வாறன்,” என்று படிக்குக் கீழே போவாள். அரை மணித்தியாலம் வரமாட்டாள். மகளுக்கு அப்போது ஏழு வயது. “அப்பா, வெடி போடேக்கை மட்டும் ஏன் அம்மா கிளீன் பண்ணுறா?” என்று ஒருநாள் கேட்டாள். அம்மாவுக்குத் தூசி பிடிக்காது என்றேன். இந்த ஒரு விசயத்தில் நாங்கள் இருவரும் பேசாமலே உடன்பட்டிருந்தோம். பிள்ளைக்கு அந்தப் பயம் தெரியக்கூடாது. இங்கே பிறந்தவள், வெடியைப் பார்த்துக் கைதட்டுகிறவள், அவள் அப்படியே இருக்கட்டும். எங்களிடம் இருந்த மிகப் பெரிய சொத்து அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் சொல்ல வந்த அந்த வருடத்தில் கந்தசஷ்டி விரதம் ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. மனைவி ஆறு நாளும் பாலும் பழமும்தான். வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. மதுவின் வாசனையே கூடாது. அந்த நேரம் பார்த்து இருபது லிட்டர் பியர் குசினி மூலையில் பிளாஸ்டிக் வாளிக்குள் நொதித்துக்கொண்டிருந்தது.

“விரதம் தொடங்க முன்னம் உந்த வாளி வீட்டை விட்டு வெளியிலை போயிடவேணும்,” என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

“ஞாயிற்றுக்கிழமை போத்திலிலை அடைச்சு ஷெட்டுக்கை வைக்கிறன். சத்தியமா.”

பியர் முடிந்ததா இல்லையா என்று பார்க்க ஒரு மிதக்கும் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. உள்ளே இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்னத் தின்ன, அது கீழே இறங்கும். அந்த ஞாயிறு அது இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கவில்லை. ஆனாலும் இரண்டு நாளாக அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. காரணம் எனக்குத் தெரியும். அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டுப் பாய்லர் பழுது. ஊரார் பாய்லரைத் திருத்தவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. வீடு குளிர்ந்துபோய்க் கிடந்தது. ஈஸ்ட் செத்துப் போகவில்லை, குளிருக்குச் சுருண்டு படுத்துவிட்டது. சூடு பட்டால் எழும்பி, மிச்சச் சர்க்கரையைத் தின்று, வாயுவைக் கக்கும். மூடிய போத்தலுக்குள் அந்த வாயு போக இடமில்லை. இதெல்லாம் தெரிந்தவன் அந்த வாளியைத் தூக்கி வெளியே ஊற்றியிருக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. முடிந்திருக்கும், முடிந்திருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு நாற்பது போத்தல்களில் அடைத்து, தகர மூடியை இறுக்கி, அவள் பார்க்க ஷெட்டுக்குக் கொண்டுபோனேன்.

அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டு எங்கள் பாய்லரைத் திருத்தினேன். வீடு சுடத் தொடங்கியது. ஷெட்டில் தொட்டால் கை விறைக்கும் குளிர். அந்தக் குளிரில் பியரில் நுரை பிடிக்காது என்று கவலை வந்தது. அவள் மகளையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போன நேரம், போத்தல்களைத் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். சாமி அறைக்கு எட்டாத இடம், யாரும் பார்க்காத இடம், சூடான இடம் எது என்று யோசித்தேன். படிக்குக் கீழே இருந்த அலுமாரி. சூட்டுக் குழாய்கள் அதன் தரைக்குக் கீழேதான் ஓடுகின்றன, அவற்றைப் போட்டவனும் நான்தான். சூட்கேஸ்களை முன்னுக்கு இழுத்து, பின்னால் முப்பத்தொன்பது போத்தல்களை அடுக்கி, பழைய போர்வையால் மூடினேன். நுரை பிடிக்கிறதா என்று இடையில் திறந்து பார்க்க ஒன்றை மட்டும் குசினியில் பாய்லர் இருக்கும் கதவு போட்ட தட்டில், துணிக்குப் பின்னால் ஒளித்தேன். அவளுடைய இடத்தில் வைக்கிறேனே என்று ஒரு கணம் நினைத்தேன். வக்கூம் கிளீனருக்கு முன்னால் இடம் இருக்கிறதுதானே என்று அதையும் சமாளித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, விரதத்தின் ஐந்தாம் நாள், மாலை ஆறு மணி. வெளியே இருட்டி, தெருக்களில் வெடி தொடங்கியிருந்தது. நான் ஷெட்டுக்குள் செப்புச் சுருளை வினாகிரி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வெடி மட்டும் வேறு விதமாகக் கேட்டது. அது வானத்தில் வெடிக்கவில்லை. வீட்டுக்குள் வெடித்தது.

ஓடிப் போனேன். பாய்லர் தட்டின் கதவு ஒரு பிணைச்சலில் தொங்கியது. குசினி முழுக்கப் பியர் வாசனை. எதிர்ச் சுவரில், என் நெஞ்சு உயரத்தில், போத்தல் கழுத்தின் ஒரு துண்டு பிளாஸ்டரில் குத்தி நின்றது. குசினியில் யாரும் இல்லை. நல்ல காலம் என்று கும்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மகளின் வீட்டுப்பாடக் கொப்பி திறந்தபடி, பென்சில் நிலத்தில். மேலே ஓடினேன், கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். இறங்கி வரும்போதுதான் பார்த்தேன். படிக்குக் கீழ் அலுமாரியின் கதவு சாத்தியிருந்தது. கதவிடுக்கில் மனைவியின் சால்வை நுனி வெளியே தெரிந்தது.

என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. ஒன்று வெடித்துவிட்டது. அதே வாளிப் பியர், அதே சர்க்கரை, அதே சூடு. மற்ற முப்பத்தொன்பதும் அவர்களின் முதுகுக்குப் பின்னால். கதவடியில் முழங்காலில் இருந்தேன். கத்தினால் அவள் கதவை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள் என்று தெரிந்தது. குரலைத் தாழ்த்தினேன்.

“இஞ்சேரும், நான்தான். கதவைத் திறவும்.”

“திறக்காதேங்கோ.” அது அவளுடைய குரல் போல இல்லை. உள்ளே இருந்து பேசியவளுக்குப் பத்து வயதுதான் இருக்கும். “ஒண்டு விழுந்தால் பின்னாலை இன்னொண்டு வரும். அது விழுந்தாப் பிறகுதான் வெளிக்கிடவேணும். நீங்களும் உள்ளுக்கை வாங்கோ, கெதியா.”

“இது அது இல்லையப்பா. என்ரை பியர்ப் போத்தில்தான் வெடிச்சது.”

“போத்தில் ஷெட்டுக்கைதானே இருக்கு.”

அந்த இடத்தில் நான் ஒரு மூச்சு நேரம் தயங்கினேன். பொய் பிடிபடப் போகிறதே என்று அந்த நிலையிலும் ஒரு வெட்கம் வந்தது. அந்த ஒரு மூச்சுக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

“இல்லை. நான் பொய் சொன்னனான். எல்லாத்தையும் உள்ளுக்குக் கொண்டுவந்திட்டன். உமக்குப் பின்னாலைதான் இருக்கு, சூட்கேஸுக்கு அங்காலை. சாயாதேயும். ஒண்டிலையும் முட்டாதேயும்.”

பிறகு அவளுடைய சொந்தக் குரல் கேட்டது.

“எத்தினை?”

“முப்பத்தொன்பது.”

கதவு மெல்லத் திறந்தது. அவள் சூட்கேஸில் முதுகை வைத்துக் குந்தியிருந்தாள். மடியில் மகள். மகளின் இரண்டு காதையும் அவள் கைகள் பொத்தியிருந்தன. மகள் வாயை அகலத் திறந்து வைத்திருந்தாள், பல் வைத்தியரிடம் திறப்பது போல. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் மூடவில்லை.

“பிள்ளையை முதல் எடுங்கோ,” என்றாள்.

எடுத்தேன். அவள் சூட்கேஸில் கை ஊன்றாமல், சுவரைப் பிடித்து அங்குலம் அங்குலமாக வெளியே வந்தாள். ஐந்து நாள் சோறு காணாத உடம்பு. கதவைச் சாத்தினேன். மூவரும் காலில் செருப்பில்லாமல் முன்கதவால் தெருவுக்கு வந்தோம். கேற்றைத் தாண்டும்போது வீட்டுக்குள் ஒன்று மொத்தென்று வெடித்தது. உடனே இரண்டு சேர்ந்து. பிறகு கண்ணாடி உதிரும் சத்தம். எங்கள் தலைக்கு மேலே யாரோ விட்ட வாணம் பச்சையாக விரிந்தது. மனைவி என்னைப் பார்க்கவில்லை.

“இன்னொண்டு வரும் எண்டு சொன்னனான்தானே,” என்றாள்.

நான் மட்டும் பின்பக்கத்தால் போய் வீட்டுச் சூட்டை நிறுத்திவிட்டு வந்தேன், பிறகு கோயிலுக்குப் போய் நடை சாத்தும் வரை அங்கே இருந்தோம். அடுத்த நாள் காலை வெல்டிங் முகமூடி, தோல் கையுறை, குளிர்கால ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு, மிச்சம் முப்பத்தாறையும் ஈரத் துவாயில் சுற்றி ஒவ்வொன்றாக வளவுக்குக் கொண்டுபோய் மூடியைக் கழற்றினேன். நுரை என் தலைக்கு மேலே போனது. ஒவ்வொரு போத்தலைத் திறக்கும்போதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். முப்பத்தாறாவதற்கும் அப்படித்தான்.

மனைவி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விரதத்தின் கடைசி நாள், வெறும் வயிறு. கோதுமை மாவை ரொட்டிக்குக் குழைப்பது போலக் குழைத்து, உருட்டி, அலுமாரித் தரையில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகளெல்லாம் மாவில் ஒட்டி வந்தது. அவள் முதுகு சாய்த்திருந்த சூட்கேஸின் பின்பக்கம் மூன்று இடத்தில் கிழிந்திருந்தது. ஒரு கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே அவளுடைய கலியாணச் சீலை இருந்தது, அதையும் துண்டு தொட்டிருந்தது.

மகள் அருகில் வந்து நின்றாள்.

“அம்மா, ஏன் வாயைத் திறக்கச் சொன்னீங்கள்?”

“காது வெடிக்காமல் இருக்கிறதுக்கு.”

“உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?”

மனைவி மாவுருண்டையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். ஏழு வருடமாக இருவரும் காத்து வந்த பதில் அது.

“எங்கடை அம்மா,” என்றாள்.

காய்ச்சுவதை நான் விடவில்லை, விடச் சொல்லி அவள் கேட்கவுமில்லை. இப்போது கண்ணாடிப் போத்தல் கிடையாது. எவர்சில்வர் பீப்பா, அதில் அழுத்த முள், கூடினால் தானே திறக்கும் வால்வு. மிதவை மூன்று நாள் சரியான இடத்தில் நிற்காமல் எதையும் மூடுவதில்லை. ஷெட்டைத் தாண்டி ஒரு துளி உள்ளே வருவதில்லை. அந்த முள்ளைப் பார்க்க ஒரு நாளில் எத்தனை தரம் போகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அலுமாரியையும் முழுதாக வெறுமையாக்கி, வெள்ளை அடித்து, லைட் போட்டுக் கொடுத்தேன். அவள் நன்றி சொன்னாள். அதற்குள் போவதை நிறுத்திவிட்டாள். கிழிந்த சூட்கேஸை எறிய மட்டும் விடவில்லை, அது மட்டும் திரும்பவும் அங்கே போனது.

போன நவம்பரில், முதல் வெடி கேட்டதும் அவள் எழும்பினாள். ஹாலின் நடுவில் நின்றாள். போக இடம் தெரியாமல் திரும்பி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. மற்றக் கையை அவள் கைமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மகளைக் காணவில்லை என்று கவனித்தோம்.

படிக்குக் கீழே கதவு சாத்தியிருந்தது. திறந்தேன். சூட்கேஸை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, மூலையில் குந்தியிருந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் ஒரு கையை எடுத்து, அம்மாவையும் வரச் சொல்லிச் சைகை காட்டினாள்.

“பயப்பிடாதேங்கோ அப்பா,” என்றாள். “பின்னாலை ஒண்டும் இல்லை. நான் முதலே செக் பண்ணிட்டன்.”